காது கேட்டதா, கணினி சொன்னதா?

ஹாம் ரேடியோவில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் யாரிடமாவது போட்டிகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் வந்துதான் எல்லாம் கெட்டது, அந்தக் காலத்தில் காது, கை, பென்சில் அவ்வளவுதான், இப்போது மெஷினே விளையாடி மெஷினே ஜெயிக்கிறது என்று ஒரு புலம்பல் கட்டாயம் வரும். இந்தப் புலம்பலில் முக்கால்வாசி தப்பு. மீதிக் கால்வாசி சரிதான். ஆனால் அந்தச் சரியான கால்வாசியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் சொல்கிறவர்களின் ஸ்கோரும் சேர்ந்து அடிவாங்கும், அதுதான் காரணம்.

ஹாம் என்றதும் ஏதோ சாப்பாட்டு ஐட்டம் என்று நினைக்கும் கல்லூரி நண்பர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம்.) மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் டபிள்யூ.பி.சி. என்று ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் வைக்கும் தேர்வில் தேறினால் உரிமமும், கால் சைன் என்கிற அழைப்புக் குறியும் கிடைக்கும். இந்தியாவில் பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு சொந்த டிரான்ஸ்மிட்டரை வைத்து உலகத்தில் இருக்கும் மற்ற ஹாம்களோடு பேசலாம், காசு வாங்காமல். இதில் போட்டி என்பது குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை பேரை, எத்தனை நாடுகளைப் பிடிக்கிறீர்கள் என்பது. மிகப் பெரியவற்றில் ஒன்று சி.க்யூ. வேர்ல்ட் வைட். அக்டோபர் கடைசி வார இறுதியில் குரலுக்கு, நவம்பர் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸுக்கு. இந்திய நேரப்படி சனிக்கிழமை விடிகாலை 5.30-க்கு ஆரம்பித்தால் திங்கட்கிழமை விடிகாலை 5.30 வரை, முழுசாக 48 மணி நேரம். ஒவ்வொரு தொடர்பிலும் இரண்டு பேரும் கால் சைனைச் சொல்லி, சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று ஓர் எண்ணையும், தங்கள் மண்டல எண்ணையும் பரிமாறிக்கொள்ள வேண்டும். இந்தியாவுக்கு மண்டலம் 22. கேட்டதை நேரத்தோடும் அலைவரிசையோடும் எழுதி வைப்பதுதான் லாக். அந்த லாக்தான் விடைத்தாள்.

இனி நியாயத்துக்கு வருவோம். பென்சில் காலத்தில் இந்த ஆட்டம் நியாயமாக நடந்தது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை திருவண்ணாமலை மாட வீதியில் ஏதாவது ஒரு மொட்டை மாடிக்கு வந்து நிற்க வேண்டும். கோயில் மலைக்குக் கிழக்கே அடிவாரத்தில் இருக்கிறது, ஊரின் பழைய பகுதி கோயிலைச் சுற்றி. அங்கிருந்து பார்த்தால் 2668 அடி மலை மேற்கும் வடமேற்குமாக வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இங்கிருந்து ஐரோப்பா எந்தப் பக்கம்? அதே வடமேற்கு! உச்சி சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில், ஊர்த் தரையிலிருந்து 600 மீட்டர் அளவு உயரத்தில். கணக்குப் போட்டால் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 15 டிகிரிக்குச் சுவர் எழுப்பிய மாதிரி. தூர தேசத்துச் சிற்றலைகள் தாழ்வான கோணத்தில்தான் வந்து போகும், அதாவது அந்தச் சுவருக்கு உள்ளே. வடகிழக்கில் ஜப்பான் பக்கம் சமவெளி, தடையே இல்லை. சந்தோஷப்பட முடியுமா? முடியாது. சி.க்யூ. வேர்ல்ட் வைடில் வேறு கண்டத்து நிலையத்துக்கு 3 புள்ளி, அதே கண்டத்தின் வேறு நாட்டுக்கு 1 புள்ளிதான். ஜப்பான் ஆசியா, திருவண்ணாமலையும் ஆசியா. ஆக 3 புள்ளி கிடைக்கும் திசையில் மலை, 1 புள்ளி திசையில் திறந்த வெளி. அண்ணாமலையாரிடம் முறையிட்டுப் பயனில்லை, மலையே அவர்தான்.

தீபம் வேறு இருக்கிறது. 2020-இல் நவம்பர் 29, 2023-இல் நவம்பர் 26. இரண்டு வருடமும் கார்த்திகை தீபம் சரியாக அந்த மோர்ஸ் போட்டியின் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. உச்சியில் கொப்பரை எரியும் மாலை 6 மணி, போட்டிக் கடிகாரத்தில் 12.30. உயர் அலைவரிசைகளில் ஐரோப்பா நன்றாகக் கேட்க வேண்டிய நேரம் அது. தெருவெங்கும் எல்.ஈ.டி. சீரியல் செட்டும் அவற்றின் மலிவு பவர் சப்ளைகளும் சேர்ந்து போடும் இரைச்சலில் ரிசீவருக்கு உஸ்ஸ் தவிர எதுவும் கேட்காது.

அப்புறம் பவர். இந்தியாவில் ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு 50 வாட், ஜெனரல் உரிமத்துக்கு 400 வாட். அமெரிக்காவில் 1500 வாட் வரை போகலாம். போட்டியிலோ 100 வாட் வரை ஒரு பிரிவு, அதைத் தாண்டினால் 1500 வாட் வரை எல்லாரும் ஒரே பிரிவு. அதாவது 50 வாட்காரர் 100 வாட்காரரோடும், 400 வாட்காரர் 1500 வாட்காரரோடும் மல்லுக்கட்ட வேண்டும். பவரில் ஏற்றத்தாழ்வு பென்சில் காலத்திலும் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் இதைக் கொண்டுவரவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வை ஒழித்துக்கட்ட ஒரே ஒரு உருப்படியான முயற்சி நடந்திருக்கிறது. 1990-இல் சியாட்டிலில் தொடங்கிய உலக ரேடியோ விளையாட்டு அணிகளின் சாம்பியன்ஷிப், சுருக்கமாக டபிள்யூ.ஆர்.டி.சி. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். 2014-இல் பாஸ்டன் பக்கம், 2018-இல் ஜெர்மனி, 2023-இல் இத்தாலி. எல்லா அணிக்கும் ஒரே பகுதியில் இடம், ஒரே மாதிரி ஆன்டெனா, ஒரே பவர் வரம்பு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கும் நடுவர். மலையும் இல்லை, மாளிகையும் இல்லை. அங்கே கம்ப்யூட்டரைத் தடை செய்தார்களா என்றால் இல்லை. இடத்தையும் ஆன்டெனாவையும்தான் சமன் செய்தார்கள். உலகத்திலேயே அதிக அக்கறையோடு நியாயத்தைத் தேடியவர்கள் அநியாயம் எங்கே இருக்கிறது என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உண்மையில் இந்த ஆட்டத்தில் ஏழைக்குக் கிடைத்த ஒரே சலுகை மென்பொருள்தான். நல்ல டவரும் சுழலும் ஆன்டெனாவும் லட்சக்கணக்கில் போகும். எஃன்.1.எம்.எம். என்ற லாக் மென்பொருள் இலவசம். எக்ஸாமுக்குப் பிறகு தூசி படிந்து கிடக்கும் பழைய லேப்டாப்பில் ஓடும். 1980-களில் கென் உல்ஃப் என்ற அமெரிக்க ஹாம் சி.டி. என்ற முதல் பிரபல லாக் மென்பொருளை எழுதுவதற்கு முன்பு என்ன நடந்தது? ஒருவரோடு ஏற்கெனவே பேசியாயிற்றா என்று பார்க்கத் தனியாக ஒரு பெரிய தாள். ஒவ்வொரு கால் சைனையும் அதில் இன்னொரு முறை எழுத வேண்டும். போட்டி முடிந்ததும் நாள்கணக்கில் உட்கார்ந்து கூட்டல், பெருக்கல். வீட்டில் எழுதிக் கொடுக்க இரண்டு ஆள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இதைத்தான் பொற்காலம் என்கிறார்கள்.

திருட்டைப் பற்றிப் பேசினால் பொற்காலத்தின் லட்சணம் இன்னும் நன்றாகத் தெரியும். தாளில் வந்த ஆயிரக்கணக்கான லாகுகளை யார் முழுசாகச் சரிபார்த்திருக்க முடியும்? சந்தேகப்பட்டவற்றையும் முதலிடத்துக்காரர்களையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பதே பெரிய வேலை. இப்போது எல்லா லாகும் காப்ரியோ என்ற ஒரே அமைப்பில் கோப்பாக வருகிறது. ஒவ்வொரு வரியும் எதிர்முனைக்காரரின் லாகோடு ஒப்பிடப்படுகிறது. நீங்கள் ஒரு பிரேசில் நிலையத்தோடு பேசியதாக எழுதி, அவர் லாகில் நீங்கள் இல்லாவிட்டால் அந்தத் தொடர்பு போச்சு, மேலே தண்டனைப் புள்ளி வேறு. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதே கதிதான். போட்டி முடிந்த 5 நாட்களுக்குள் லாக் போய்ச் சேர வேண்டும். பிறகு அது எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்படும். முதல் சில இடங்களுக்குப் போட்டியிடும் தனியாட்கள் 48 மணி நேர ஆடியோவையும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும்.

டி.எக்ஸ். கிளஸ்டர் என்று ஒன்று 1980-களின் பிற்பகுதியிலிருந்து இருக்கிறது. அபூர்வ நிலையம் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று ஒருவர் போட்டால் உலகமே பார்க்கும். அதைப் பார்த்து ஆடுபவர்களுக்கு உதவியோடு ஆடும் பிரிவு, பார்க்காதவர்களுக்குத் தனிப் பிரிவு. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் இந்த உலகத்தின் பிரபலமான திருட்டு. பூட்டிய அறைக்குள் ஒருவர் எந்த ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார் என்று பென்சில் யுகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைக்கு லாகில் நேரமும் அலைவரிசையும் இருக்கிறது, கிளஸ்டரில் எந்த நிமிடம் என்ன வந்தது என்பதும் இருக்கிறது. கிளஸ்டரில் வந்த அடுத்த நிமிடமே, எங்கோ 40 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் அபூர்வ நிலையத்துக்கு ஒருவர் தாவுகிறார், அதுவும் ஒருமுறை அல்ல, இரண்டு நாளும். சோதிப்பவர்கள் அட்டையைக் காட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டர் திருடனுக்கு உதவியதைவிடப் போலீசுக்குத்தான் அதிகம் உதவியிருக்கிறது.

சரி, அப்படியென்றால் பிரச்சினையே இல்லையா என்றால், இருக்கிறது. அந்தக் கால்வாசி இங்கேதான் வருகிறது.

மோர்ஸ் போட்டியில் இந்திய நிலையம் அனுப்புவது 599 22. இந்த 599 என்பது சிக்னல் அறிக்கை. தெளிவு 5-க்கு 5, வலிமை 9-க்கு 9, தொனி 9-க்கு 9. பக்கத்துத் தெரு நிலையத்துக்கும் 599. இரைச்சலுக்குள் மூழ்கி, நாலு முறை திரும்பக் கேட்டு, தட்டுத்தடுமாறிப் பிடித்த நிலையத்துக்கும் அதே 599. உங்கள் கால் சைன் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள், மிகத் தெளிவாகக் கேட்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஆயிரம் முறை அனுப்புகிறார்கள். அது எப்போதும் ஒன்றுதான் என்பதால் மென்பொருளே நிரப்பிவிடும். அடுத்து மண்டல எண். கால் சைனைப் பார்த்ததும் நாடு தெரியும், நாடு தெரிந்தால் மண்டலம் தெரியும். அதையும் மென்பொருளே நிரப்பிவிடும். அமெரிக்கா மாதிரி பல மண்டலங்கள் உள்ள நாட்டுக்குக் கூடப் பழைய போட்டிகளின் விவரம் கொண்ட கோப்பிலிருந்து எடுத்துப் போட்டுவிடும். ஆக, பரிமாற்றம் என்று சொல்லப்படுவதில் காதுக்கு மிச்சம் கால் சைன் மட்டும்.

அதையும் விட்டுவைக்கவில்லை. சூப்பர் செக் பார்ஷியல் என்று ஒரு வசதி. பழைய லாகுகளில் திரும்பத் திரும்ப வந்த கால் சைன்களையெல்லாம் திரட்டி வைத்த பட்டியல். நீங்கள் இரண்டு மூன்று எழுத்தைக் கேட்டுத் தட்டினால், அந்த எழுத்துகள் உள்ள தெரிந்த கால் சைன்கள் திரையில் வரிசையாக நிற்கும். இதுவா, அதுவா, இல்லை இதுவா? பொருத்தமாகத் தோன்றுவதை எடுத்துக்கொள்ளலாம். தருமி கதைதான். ஆயிரம் பொற்காசு கிடைத்தால் சரி, பாட்டு யார் எழுதினால் என்ன?

இப்போது விதிகளைப் பாருங்கள். போட்டி முடிந்த பிறகு தரவுத்தளத்தையோ பதிவு செய்த ஆடியோவையோ மின்னஞ்சலையோ வைத்து லாகில் உள்ள கால் சைனைத் திருத்தக் கூடாது. சி.க்யூ. வேர்ல்ட் வைட் விதிகளில் இது தவறான நடத்தை என்றே இருக்கிறது. ரொம்ப நியாயம். ஆனால் அதே தரவுத்தளத்தைப் போட்டி நடக்கும்போதே, லாகில் எழுதும் அந்த நொடியிலேயே, பக்கத்து ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்ளலாம். மோர்ஸைத் தானாக எழுத்தாக்கிக் கால் சைனைக் காட்டும் மென்பொருளைப் போட்டால் நீங்கள் உதவி பெற்றவர் பிரிவுக்குப் போக வேண்டும். பாதி கேட்டதை முழுசாக்கிக் கொடுக்கும் பட்டியலைப் போட்டால் போக வேண்டாம், உதவி பெறாத சுத்த வீரர்தான். திங்கட்கிழமை 5.31-க்குச் செய்தால் பித்தலாட்டம், 5.29-க்குச் செய்தால் திறமை! இது எந்த ஊர் நியாயம்?

இதில் அடிபடுவது புதியவர்கள். திருவண்ணாமலைக் கல்லூரி மாணவி ஒருவர் உரிமம் வாங்கி முதல்முறையாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கால் சைன் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் பழம்பெருச்சாளிக்கு அவர் குரல் பாதிதான் கேட்கிறது (மலை!). மூன்றெழுத்தைத் தட்டுகிறார். திரையில் அதே மாதிரி, ஓர் எழுத்து மட்டும் மாறி, பல வருடமாகப் போட்டியில் ஆடும் இன்னொரு இந்திய கால் சைன் நிற்கிறது. கை எதை எடுக்கும்? கேட்காத எழுத்தைத் திரும்பச் சொல்லச் சொல்வதற்கு 5 விநாடி ஆகும், பட்டியலிலிருந்து எடுக்க அரை விநாடி. தப்பாக எழுதியவருக்குப் பிறகு தண்டனைப் புள்ளி விழும் என்பது உண்மை. ஆனால் 5 விநாடி மிச்சப்படுத்தி நூறு பேரைப் பிடித்தால் ஒன்றிரண்டு தண்டனை லாபக் கணக்கில்தான் போகும். பழைய ஆட்கள் பழைய ஆட்களைச் சுலபமாகக் கேட்கிறார்கள், புதியவர்களைத் தங்களுக்குத் தெரிந்த யாராகவோ கேட்கிறார்கள். பவரிலும் மலையிலும் இருந்த ஏற்றத்தாழ்வாவது இயற்கையும் பணமும் செய்தது. இது விதி அனுமதித்துச் செய்வது.

இந்த இடத்தில் எஃப்.டி.8-ஐத் திட்டுவது வழக்கம். 2017-இல் வந்த டிஜிட்டல் முறை அது. நோபல் பரிசு வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் உருவாக்கியது. இரண்டு பக்கமும் கணினியே அனுப்பி, கணினியே படித்துக்கொள்ளும். காதுக்கு வேலையே இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை: அதன் சாதாரண முறையில் அனுப்பப்படும் சிக்னல் அறிக்கை உண்மையானது. மைனஸ் 17 டெசிபல் என்றால் கணினி அளந்து பார்த்த மைனஸ் 17. மனிதக் காதுகள் 599 என்று அடித்து விடுகின்றன, மெஷின் உண்மையைச் சொல்கிறது. 2019-இல் தொடங்கிய டபிள்யூ.டபிள்யூ. டிஜி போட்டியில் அந்த உண்மையையும் எடுத்துவிட்டார்கள். அங்கே பரிமாறுவது இருப்பிடக் கட்டத்தின் நாலு எழுத்து மட்டும். திருவண்ணாமலைக்கு எம்.கே.92. அதுவும் வருடா வருடம் மாறாது, முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். :-)

ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் 2004 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த குழு, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் இருந்தது. பல ஆண்டுகளாக ஹாம் ரேடியோவில் வாயே திறக்காமல் கிடந்த அந்தமானை ஒலிக்கவைத்து, உலகத்து ஹாம்களுக்கு ஒரு புது நாட்டைக் கொடுப்பதற்காகப் போனவர்கள். அதாவது லாகை நிரப்பப் போனவர்கள். டிசம்பர் 26 காலையில் பூமி ஆடியது, கடல் வந்தது. தொலைபேசி செத்த தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகும் வேலையில் அதே ரேடியோவும் அதே ஆட்களும் இறங்கினார்கள். இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னாரைக் காணவில்லை, இந்த இடத்துக்கு இது வேண்டும். அந்தப் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் முன்கூட்டி இல்லை. பாதி கேட்டதை மீதி நிரப்பிக்கொள்ள முடியாது. கேட்காவிட்டால் திரும்பக் கேள், கேட்டதை மட்டும் எழுது, எழுதியதைப் படித்துக் காட்டு.

போட்டிகள் எதற்கு என்று அரசாங்கமோ பக்கத்து வீட்டுக்காரரோ கேட்டால், அவசர காலத்துக்கான பயிற்சி என்றுதான் எல்லா ஹாமும் பதில் சொல்கிறார். எதைப் பயிற்சி செய்கிறார்கள்? கேட்காததைக் கேட்டதாக எழுதுவதையா?

ஆகவே கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடு என்று சொல்லத் தேவையில்லை. அது நேரம் குறிக்கட்டும், கூட்டட்டும், ஏற்கெனவே பேசியவரா என்று சொல்லட்டும், மோர்ஸை அனுப்பட்டும், கள்ளனைப் பிடிக்கட்டும். எதிர்முனை சொன்னது என்று லாகில் வரும் கட்டத்தை மட்டும் அது தொடக் கூடாது. அதற்கு விதியில் இரண்டே மாற்றம் போதும். பட்டியலையோ பழைய விவரக் கோப்பையோ பயன்படுத்துகிறவர் உதவி பெற்றவர் பிரிவில் ஆடட்டும், யாரும் தடுக்கவில்லை. இன்னொன்று, 599-ஐயும் மண்டலத்தையும் எடுத்துவிட்டு வரிசை எண்ணைப் போட வேண்டும். 1-இல் ஆரம்பித்து ஒவ்வொரு தொடர்புக்கும் ஒன்று கூடும். எதிர்முனை இப்போது 347-ஆ 348-ஆ என்று எந்தக் கோப்புக்கும் தெரியாது, கேட்டால்தான் உண்டு. இது புதுசு ஒன்றும் இல்லை. அதே சி.க்யூ. பெயரில் நடக்கும் டபிள்யூ.பி.எக்ஸ். போட்டியில் வரிசை எண்தான் பரிமாற்றம். அமெரிக்காவின் ஸ்வீப்ஸ்டேக்ஸில் வரிசை எண்ணோடு, முதன்முதலில் உரிமம் வாங்கிய வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் வரை சொல்ல வேண்டும்.

பட்டியலை ரகசியமாகத் திறந்து வைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பார்கள். கிளஸ்டர் திருட்டுக்கும் ஆரம்பத்தில் இதையேதான் சொன்னார்கள். காதால் தப்பாகக் கேட்டவரின் பிழைகளில் பாதி உலகத்திலேயே இல்லாத கால் சைனாக இருக்கும். பட்டியலைப் பார்த்தவரின் பிழைகள் எல்லாம் நிஜமான, பிரபலமான கால் சைன்களின் மேலேயே போய் விழும். ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள லாகில் இந்தச் சாய்வைப் பார்க்கக் கணினிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வேகம் குறையும் என்பது கடைசி ஆட்சேபம். குறையும்தான். மணிக்கு இருநூறு பிடித்தவர் நூற்றைம்பது பிடிப்பார். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குறையும்போது யாருக்கு நஷ்டம்?

அதுவரைக்கும் திருவண்ணாமலையிலிருந்தோ வேறெங்கிருந்தோ முதல்முறை ஆடப்போகும் மாணவர்கள் 20 தொடர்புதானே என்று வெட்கப்படாமல் 5 நாட்களுக்குள் லாகை அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் உங்களைச் சரியாகக் கேட்டு எழுதியவர்களின் லாகில் நீங்கள் வேறெங்கும் காணப்படாத, சந்தேகத்துக்குரிய ஒரு கால் சைனாகத் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். விடாமல் இரண்டு மூன்று வருடம் ஆடினால் இன்னொன்றும் நடக்கும். பலருடைய லாகில் வந்து வந்து, மேலே இவ்வளவு திட்டு வாங்கிய அதே பட்டியலில் உங்கள் கால் சைனும் ஏறிவிடும். அன்றிலிருந்து ஐரோப்பாவுக்கு நீங்கள் மலையைத் தாண்டியும் ரொம்பத் தெளிவாகக் கேட்பீர்கள்.